வேனின் பின்புறத் தகரக் கதவு

கூட்டத்தில் பேசப் போகும் ஆண்களுக்கு ஒதுங்க வழியெல்லாம் வேலியும் மறைவும் உண்டு. கிருபாவதிக்கு அது இல்லை. பதினைந்து ஆண்டுகள் தாகத்தை அடக்கியே மேடையேறியவள், கடைசியில் நீர்க்கடுப்பு முற்றி ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தாள். தண்ணீர் குடிக்காமல் இனி ஊர் சுற்றக் கூடாது என்று மருத்துவர் கண்டித்தார். அதனால்தான் 1972-ஆம் ஆண்டுச் சாதி ஒழிப்புச் சுற்றுப்பயணத்துக்கு அவளுடைய சமத்துவச் சங்கம் ஒரு பழைய வேனை வாங்கியது. உள்ளே ஒரு படுக்கை. கோடியில் ஒட்டுப்பலகையால் ஒரு மறைப்பு. மறைப்புக்குள் துளையிட்ட பலகை, அதன் கீழே இரும்பு வாளி, பக்கத்தில் ஒரு டப்பாச் சாம்பல்.

போடித் தச்சர் அதில் ஒரு வசதியும் சேர்த்திருந்தார். வாளியை உள்ளே வந்து தூக்க வேண்டியதில்லை. வண்டியின் பின்புறம், முழங்கால் உயரத்தில், ஒரு சின்னத் தகரக் கதவு. அதைத் திறந்து வெளியிலிருந்தே இழுத்துக்கொள்ளலாம். கிருபாவதி அதைப் பார்த்துப் பாராட்டினாள். பாராட்டியவள், அதைத் திறக்கப் போகும் கை எது என்று கேட்கவில்லை.

பதினோரு ஊர் கடந்தது. ஒவ்வொரு நாளும் வாளி கழுவப்பட்டு, அடியில் புதுச் சாம்பலோடு இருந்தது. ஓட்டுநர் அழகுமலை எங்கோ குழி தோண்டி மூடுகிறான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். ஆயிரம் பேர் முன்னால் கூசாத நாக்கு, அந்த ஒன்றைப் பற்றி அவனிடம் கேட்கக் கூசியது.

பன்னிரண்டாம் நாள் ஓடைப்பட்டி. கிளைச் செயலாளர் மலைச்சாமியின் திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் வேன் நின்றது. மாலையில் அவள் முன்மொழிய வேண்டிய தீர்மானம் பதினோரு ஊரிலும் நிறைவேறிய அதே தீர்மானம்: எடுப்புக் கக்கூஸ் ஒழிய வேண்டும், மனிதர் மலத்தை மனிதர் தலையில் சுமப்பது நிற்க வேண்டும்.

காலையில் அவள் மறைப்புக்குள் உட்கார்ந்திருந்தபோது கீழே தகரம் கிரீச்சிட்டது. காலடியில் வெளிச்சம் பாய்ந்தது. வாளி இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது.

"உள்ள ஆளிருக்காகளா?" என்றது ஒரு பெண்குரல். "இருந்தா சொல்லுங்காத்தா, நான் அங்கிட்டுத் திரும்பி நிக்கேன்."

போடிக் கடைத்தெருவில் ஜவுளி வணிகம் செய்த கிருபாவதியின் தகப்பனார் வீட்டின் பின்சந்திலும் இதே அளவில் ஒரு தகரக் கதவு இருந்தது. இதே கேள்வி வரும். சிறுமி கிருபாவதி மூச்சை அடக்கிக்கொண்டு கால்களை மேலே தூக்கிக்கொள்வாள். தச்சர் தமக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். சாதியை ஒழிக்கப் புறப்பட்ட வண்டி, அந்தப் பின்சந்தையும் இழுத்துக்கொண்டு பதினோரு ஊர் சுற்றியிருக்கிறது.

சேலையைச் சரிசெய்துகொண்டு பின்பக்கம் போனாள். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, தகர முறமும் கூடையுமாக, சொன்னபடியே முதுகைக் காட்டி நின்றாள்.

"உங்க பேர் என்னம்மா?"

"சுருளியம்மா."

"உங்கள யாரு வரச் சொன்னது?"

"செயலாளரு ஐயாதான் சொல்லிவிட்டாக. பேச வர்றவுக வண்டி, சுத்தமாக் கழுவிக் குடுன்னாக." சுருளியம்மாள் லேசாகச் சிரித்தாள். "ஊருக்குள்ள எனக்கு எழுபத்திரெண்டு வீடு. இதோட எழுபத்திமூணு. இந்த வீட்டுக்குத்தேன் சக்கரம் இருக்கு."

கிருபாவதியால் சிரிக்கவும் முடியவில்லை, தலையை நிமிர்த்தவும் முடியவில்லை. வேப்பமரத்தடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த அழகுமலையைக் கூப்பிட்டாள்.

"நேத்து ராயப்பன்பட்டியில யார் எடுத்தா?"

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் தரையைப் பார்த்தான். "அங்கனயும் ஒரு ஆளு, அம்மா. எல்லா ஊர்லயும் ஆள் வச்சுத்தேன். முத நாளு நானே எடுக்கத்தேன் போனேன். கை வரல. எங்க வீட்டுல கேள்விப்பட்டா வாசப்படி ஏத்த மாட்டாக. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு." சற்று நிறுத்தி, "நீங்களும் கேக்கலையே" என்றான்.

அதற்குள் மலைச்சாமி வந்துவிட்டார். நிலைமையைக் கேட்டறிந்தவர், "இதுக்கா முகம் வாடிப்போச்சு? சாயந்தரம் தீர்மானத்த நிறைவேத்திட்டா இதெல்லாம் தானா நின்னுபோகும். இட்லி ஆறுது, வாங்க" என்றார்.

"மண்வெட்டி இருக்கா?" என்று கிருபாவதி கேட்டாள்.

மலைச்சாமி கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சுருளியம்மாள்தான் தேடி எடுத்துவந்தாள். கிருபாவதி ஒரு கையால் வாளியைத் தூக்கி, மறு கையால் முந்தானையை மூக்கில் அழுத்தியபடி நடந்தாள். பத்தடி தாண்டுவதற்குள் வாளி காலில் இடித்துத் தளும்பியது.

"மூக்கப் பொத்தாதீக. ரெண்டு கையும் வேணும், இல்லாட்டிச் சிந்திப்போகும்" என்றாள் சுருளியம்மாள், மண்வெட்டியோடு பின்னாலேயே வந்து. "அங்கன வேணாம், கெணறு இருக்கு. இங்கிட்டு வாங்க."

கிருபாவதி முந்தானையை விட்டாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. அது வேறு யாருடையதும் அல்ல, அவளுடையதே. வாளியை இறக்கி வைத்து, மண்வெட்டியை வாங்கி ஒரு முழம் குழி தோண்டியவள், வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். தன் மலத்தையே தாங்க முடியாத இந்த உடம்பு, எழுபத்திரண்டு வீட்டு மலத்தைச் சுமந்தவளின் துயரத்தைப் பதினோரு மேடையில் எந்த உரிமையில் முழங்கியது? அவள் வாய் துடைத்து நிமிர்வதற்குள் சுருளியம்மாள் குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாக்கியிருந்தாள்.

"சாயந்தரம் நானும் வருவேன், ஆத்தா" என்றாள் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே. "சங்கக் கூட்டத்துல எல்லாரும் சேந்து உக்காரலாமாமே."

மாலையில் பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. பெண்கள் பகுதியில், மூன்றாம் வரிசையில், வெளுத்த சேலையும் கனகாம்பரமுமாகச் சுருளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இரு பக்கத்துப் பெண்களின் தோளும் அவள் தோளை உரசிக்கொண்டிருந்தன. மேடையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கிருபாவதி கவனித்தாள்.

ஒலிவாங்கி முன் நின்றாள். கைதட்டல் வாங்கித் தரும் வாசகங்கள் நாக்கு நுனியில் காத்திருந்தன. அவற்றை எடுத்தால் பொய். எடுக்காவிட்டால் தீர்மானம் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டே முன்மொழிவது என்று தீர்மானித்தாள்.

"தோழர்களே, குற்றவாளிக் கூண்டில் ஏறுவதைப் போல இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். மலம் சுமக்கும் கொடுமையை ஒழிக்க வந்த என் வண்டியிலேயே ஒரு மலவாளி இருக்கிறது. பதினோரு ஊரில் பதினோரு பேர் அதைச் சுமந்தார்கள். இன்று காலை அதை எடுக்க வந்தவர், இதோ இங்கே அமர்ந்திருக்கும் சுருளியம்மாள்."

பெயரைச் சொன்ன கணமே நூற்றுக்கணக்கான தலைகள் திரும்பின. மேடையை நோக்கி அல்ல, மூன்றாம் வரிசையை நோக்கி. இடப்பக்கத்துப் பெண் சேலையை இழுத்து மடியில் செருகிக்கொண்டு ஒதுங்கினாள். வலப்பக்கத்துப் பெண் குழந்தையைத் தூக்கி அடுத்த தொடைக்கு மாற்றினாள். பின்வரிசையில் எவளோ மூக்கைச் சுளித்தாள். சுருளியம்மாளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு வெறும் மண் தெரிந்தது. அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

தன் முகத்தில் பூசிக்கொள்ள நினைத்ததை அவள் முகத்தில் பூசியிருந்தாள் கிருபாவதி. மலைச்சாமி எழுந்து ஒலிவாங்கியைத் தம் பக்கம் திருப்பினார். கிருபாவதி படியிறங்கி, பெண்களுக்கு நடுவே நடந்து, அந்த வெறும் மண்ணில் போய் உட்கார்ந்தாள்.

சுருளியம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. "பேரச் சொல்லியிருக்க வேணாம், ஆத்தா" என்றாள் மெதுவாக. "இம்புட்டு நேரம் நல்லா உக்காந்திருந்தேன்."

மேடையில் மலைச்சாமி தீர்மானத்தைப் படித்து முடித்தார். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். மைதானம் முழுவதும் கைகள் எழுந்தன. ஒதுங்கிய பெண்களின் கைகளும் எழுந்தன. முந்தானைக்குள்ளிருந்து சுருளியம்மாளின் கையும் எழுந்தது.

"ஒருமனதாக" என்று ஒலிபெருக்கி சொன்னது. கிருபாவதியின் இரு கைகளும் மண்ணில் ஊன்றியபடியே இருந்தன.