அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில், ஆற்றைப் பார்த்த பிளாக்கில் குடியிருக்கும் தமிழ்மாறன் மேல் ஒரே ஒரு கேஸ்தான். அதுவும் ஒரு சாவில் வந்தது. பயப்பட வேண்டாம். செத்தவர் வயதாகி, இட்லி சாப்பிட்டு, தானாகவே செத்தார்.

தாய்மாமன் பஞ்சாட்சரத்தின் கடைசி ஊர்வலம், அந்தப் பக்கத்து வழக்கப்படி பூவும் ஆட்டமும் வெடியுமாகப் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டு முடிந்து பதினொரு நாளே ஆகியிருந்த தமிழ்மாறன் ஒரு ராக்கெட்டைப் பற்றவைத்தான். மேலே போக வேண்டியது குறுக்கே போய், எஸ்.ஐ. ஜீப்பின் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறியது. போகிறபோது அவர் தொப்பியையும் கூட்டிக்கொண்டு போயிற்று. தொப்பி அடையாற்றில் விழுந்து, திரு.வி.க. பாலத்துக்கு அடியில் மிதந்து கடலுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. பாலத்தில் அன்று நின்றவர்கள் ஆறு பேர்தான் என்பது வேறு விஷயம்.

ஸ்டேஷனில் பத்து விரல் ரேகை, இரண்டு போட்டோ, இடது காதுக்குப் பின்னாலிருந்த மச்சம், கதவு எண் என்று ஒன்று விடாமல் பதிந்துகொண்டார்கள். மாஜிஸ்திரேட் வழக்கைக் கேட்டார், சிரிப்பை அடக்கினார், விடுவித்தார்.

மூன்று வருஷம் கழித்து தமிழ்மாறன் ராணுவத் தேர்வில் ஓடி ஜெயித்தான். எழுத்துப் பரீட்சையிலும் தேறினான். மீதியிருந்தது போலீஸ் விசாரணை ஒன்றுதான். படிவத்தில், எப்போதாவது கைதானதுண்டா என்று ஒரு கேள்வி.

நெட் சென்டர் ஆஃப்ரீனிடம் கேட்டான்: “இல்லன்னு போட்டுடட்டுமாக்கா?”

“போடு, போடு. கேஸுக்குக்கூட விட்டுடுவாங்க. மறைச்சதுக்கு விட மாட்டாங்க. பக்கத்து பிளாக்குக்காரன் கேஸ மறைச்சுட்டுப் போயி, ட்ரெய்னிங்லேர்ந்து பொட்டியோட திரும்பி வந்தானே, பாக்கல?”

‘ஆம்’ என்று போட்டு, கேஸ் நம்பரையும் எழுதினான்.

தமிழ்மாறன் இருந்த பிளாக்கில் ஒரு பழக்கம் உண்டு. காக்கிச் சட்டை வந்து யார் பெயரைச் சொன்னாலும், அப்படி ஒரு ஆள் அங்கே இல்லை. தொலைந்துபோன செல்போனைத் திருப்பிக் கொடுக்க ஒரு கான்ஸ்டபிள் மூன்று நாள் அலைந்தார். மூன்று நாளும் அப்படி ஒரு ஆள் இல்லை என்று அவரிடம் சொன்னவர் செல்போனின் சொந்தக்காரரேதான்.

ஏட்டு கணேசமூர்த்தி ஸ்டேஷனுக்குப் புதிது. அவர் விசாரணைக்கு வந்த காலையில் தமிழ்மாறன் ஓட்டப் பயிற்சிக்குப் போயிருந்தான். கீழே ஆப்பக்கடை ஜைதூன் பீயைக் கேட்டார்.

“தமிழ்மாறனா? கேள்விப்பட்ட பேராவே இல்லியே சார்.”

மாடியேறி, அவன் அம்மா தேவானையைக் கேட்டார்.

“உங்க பையன் இருக்காராம்மா?”

“எனக்குப் புள்ளையே கெடயாது சார்.”

“கொடியில பேன்ட் காயுதே?”

“அது நான் போட்டுக்கிறது.”

மேற்படி முகவரியில் மேற்படி நபர் வசிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு ஏட்டு போனார்.

தமிழ்மாறன் வியர்வையோடு வந்தான். “யாரும்மா வந்துட்டுப் போனது?”

“போலீசு. நீ கவலப்படாத நைனா. நீ பொறக்கவே இல்லன்னு சொல்லிட்டேன்.”

அவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த அறிக்கை அப்படியே போனால் வேலை போச்சு. அடுத்த தேர்வுக்கு வயது இடம் கொடுக்காது.

விஷயம் புரிந்ததும் தேவானையும் ஜைதூன் பீயும் அவனோடு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஏட்டு அவனுடைய ஆதாரைப் புரட்டிப் பார்த்தார்.

“அட்டை சரி. ஆள் இல்லன்னு பெத்தவளே சொல்றாளே? இப்ப சொல்லுங்க, இவன் யாரு?”

ஜைதூன் பீ ஓரடி முன்னால் வந்தார். “கீறான்னு சொன்னா உள்ள போடுவியா, வுட்டுடுவியா? அத்த மொதல்ல சொல்லு.”

“போட மாட்டேன்மா.”

“போன தபா வந்தவரும் இத்தயேதான் சொன்னாரு.” முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

தேவானை மகனைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய லத்தியைப் பார்த்தாள். வாயில் பழக்கம்தான் வந்தது. “எங்கியோ பாத்த மூஞ்சியாத்தான் கீது சார்.”

தமிழ்மாறன் தலையில் அடித்துக்கொண்டான். “சார், என் மேல ஒரு கேஸ் கீது சார். நம்பர் தரேன். தயவுசெஞ்சு அந்தக் கட்ட எடுங்க சார்.”

தன் கேஸ் கட்டை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியவனை அந்த ஸ்டேஷன் அதுவரை கண்டதில்லை. ஏட்டு தூசி தட்டி எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், காதை மடக்கி மச்சத்தைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார். புதுத் தாள் எடுத்து எழுதினார்: ‘மேற்படி நபர் மேற்படி முகவரியில் வசிப்பது இந்நிலையக் குற்ற ஆவணத்தால் உறுதியாகிறது. வழக்கில் விடுவிக்கப்பட்டவர். வேறு வழக்கு இல்லை.’

ராணுவ அலுவலகத்தில் அவன் எழுதியதையும் ஸ்டேஷன் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தன. சேர வேண்டிய தேதியைக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தேவானை அவன் பையில் பேன்ட்டுகளை மடித்து வைத்தாள்.

“அங்க போலீசு வந்து உன்னக் கேட்டா, கூட கீற பசங்க இல்லன்னு சொல்வானுங்களா?”

“சொல்ல மாட்டாங்கம்மா. கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க.”

தேவானை பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“உஷாரா இரு,” என்றாள்.