ஒலிப்பதிவாளரின் குரல்

ஊர் ஊராகப் போய் நகரங்களின் இரவு வாழ்க்கையைக் காட்டும் ஒரு நகைச்சுவை நடிகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு என் கணவர் ஒலிப்பதிவாளர். ஒவ்வொரு மதுக்கூடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, பின்னணியில் சேர்ப்பதற்காக அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்வார். அதற்கு முன் இடத்தின் பெயரை மைக்கில் சொல்வார். நாற்பது நிகழ்ச்சிகளில் அவர் குரல் இருந்தது அங்கே மட்டும்தான். அவர் இறந்த மூன்றாம் மாதம் அந்தக் குரலைக் கேட்டு வாங்க நிகழ்ச்சியின் எடிட்டரிடம் போனேன்.

"அண்ணி, அவர் பேசுறதை முதல் வேலையா வெட்டிடுவோம். சத்தம் மட்டும்தான் எங்களுக்கு வேணும்."

"நாற்பதுலயுமா?"

பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினான். மாலை வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில், கெட்டுப்போனதென்று யாரும் தொடாத ஒரு பதிவு கிடைத்தது.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நடிகர் புகுந்துவிட்டார். "எல்லாரும் அமைதி. அண்ணன் இப்ப காத்தைப் புடிச்சு டப்பால அடைக்கப் போறாரு. ஏண்ணே, வீட்டுல அண்ணியையும் இப்படித்தான் வாய மூட வைப்பீங்களா?"

கூட்டமே சிரித்தது. சிரிப்புக்கு அடியில் என் கணவர் பதிலுக்கு ஏதோ சொல்கிறார். எத்தனை முறை ஓட்டியும் பிடிபடவில்லை. எனக்கு அந்த நடிகர் மேல் ஆத்திரமாக வந்தது. சத்தம் அடங்கியபின் என் கணவர், "சும்மா இருய்யா, மறுபடியும் எடுக்கணும்" என்கிறார். அவ்வளவுதான்.

"இதுல திட்டுறது மட்டும்தானே இருக்கு, அண்ணி" என்றான் எடிட்டர்.

"திட்டட்டும், குடுப்பா" என்றேன்.