மேஜைக்கு அடியில் பூட்ஸ்

கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறவனை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பைப் பாதியில் விட்டவன், வாதத்தை மட்டும் விடவில்லை. அன்று காலை அவன் ஷூவை மச்சான் இன்டர்வியூவுக்கு மாட்டிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் மிஞ்சியது மழைக்காக வாங்கிய, முன்பக்கம் மூடி மேலே ஓட்டை போட்ட தொளதொள ரப்பர் கிளாக்ஸ்.

கேட்டில் பலகை: ஷூ, பூட்ஸ் மட்டும், ஸ்லிப்பர், சாண்டல் கூடாது. அந்த மாதம் ஸ்லிப்பருக்கு ஒருமுறை, சாண்டலுக்கு ஒருமுறை திரும்பிப் போயிருந்தான். மூன்றாவது என்றால் வேலைக்கே முழுக்கு.

கேட் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காவலாளி எட்டிப் பார்த்து, இதுவும் ஸ்லிப்பர்தான் என்று தீர்ப்பு சொன்னார். வக்கீல் பிடித்துக்கொண்டான். ஸ்லிப்பர் என்றால் காலை நுழைத்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிவது. சாண்டலுக்கு வார் உண்டு, ஆனால் விரல்கள் காற்று வாங்கும். இதிலோ விரல் மூடியிருக்கிறது, குதிகாலில் வாரும் இருக்கிறது. கணுக்காலை மூடாததால் பூட்ஸ் இல்லை. மிச்சம் ஷூ ஒன்றுதான்.

"ஓட்டை ஓட்டையா இருக்கே தம்பி?"

"லேஸ் கோக்க உங்க பூட்ஸ்லயும்தான் ஓட்டை இருக்கு அண்ணே."

சொல்லிக்கொண்டே குனிந்தான். பூட்ஸ் மேஜைக்கு அடியில் காலியாகக் கிடந்தது. காவலாளியின் வீங்கிய கால்கள் இரண்டும் ஸ்லிப்பரில் இருந்தன.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திரிங்க, பார்ப்போம்."

காவலாளி எழவில்லை. பூட்ஸை அவன் பக்கம் தள்ளிவிட்டார். கிளாக்ஸ் அங்கேயே தங்கியது. அளவு பெரிய பூட்ஸில் வக்கீல் வாத்துபோல உள்ளே போனான்.

பத்து மணிக்கு மேனேஜர் கேட்டுக்கு வந்தார். எழுந்து நின்றாக வேண்டும். காவலாளி அவசரமாகக் கிளாக்ஸுக்குள் காலைத் திணித்தார். கால்ல என்னய்யா என்று மேனேஜர் கேட்டதும் மளமளவென்று ஒப்பித்தார்.

"ஷூ சார். விரல் மூடியிருக்கு, குதிகால்ல வார் இருக்கு. ஸ்லிப்பருக்கு அதெல்லாம் கிடையாது."

மேனேஜர் குனிந்து அந்தக் காலைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் பலகையில் புதிதாக ஒரு வரி: கிளாக்ஸும் கூடாது.

மச்சானுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஷூ திரும்பி வரவில்லை. வக்கீல் தினமும் பூட்ஸில் வருகிறான். காவலாளி அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் அந்த வீங்கிய காலில் போட்டுக்கொள்ள வேண்டும். மேனேஜரின் தலை தெரிந்தால் மேஜையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.