மேலேயிருந்து பார்த்த லயம்

புனிதாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆறு நாளும் குனிந்து கத்தரியால் தேயிலைக் கொழுந்து வெட்டியவள், ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடக்கத்தான் நினைத்தாள். ஈப்போவிலிருந்து வந்த தங்கை மகள் தனுஜா விடவில்லை.

“இங்கயே பொறந்துட்டு ஊரச் சுத்திப் பாக்கலன்னா எப்படி பெரியம்மா? கார்ல ஏறுங்க லா.”

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி தின்றார்கள். பிறகு வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கும் மலைமுனைக்குப் போனார்கள். எதிர்ச்சரிவில் புனிதா வேலை செய்யும் தோட்டமும், தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயமும்.

“அதோ உங்க லயம்,” என்று தனுஜா கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினாள்.

வீடுகளின் தகரக் கூரைகளுக்கு மேலே மலை வெடித்திருந்தது. ஒரு லாரி இறங்கும் அளவுக்கு வாய் பிளந்து, லயத்தின் நீளத்துக்கும் ஓடியது வெடிப்பு. புனிதாவின் மருமகளும் பேத்தியும் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தார்கள்.

மருந்தடிக்க உச்சிவரை ஏறும் முருகையா மூன்று வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு மேடு எங்கே தெரியும்?

“ஊத்திக்கிட்டுப் பாத்தா மலை ரெண்டாத்தான் தெரியும்,” என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவரைக் கேலி செய்தவள் புனிதாதான். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது அவருக்கே போன் செய்தாள்.

“அண்ணே, மலை வெடிச்சிருக்கு. நான் பாத்துட்டேன்.”

“இப்பவாவது பாத்தியே. நீயே பாத்தேன்னு சொல்லி எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். போன வை.”

மலைமுனையிலிருந்து புனிதா பார்க்க, அரைமணி நேரத்தில் லயம் காலியானது. கடைசியாக இறங்கியவர் முருகையா. அவர் தோளில் புனிதாவின் பேத்தி. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் இன்னும் கேட்கவில்லை.