பெருமாள்மலை மூச்சு வகுப்பு

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, கலைமணி தகரப்பெட்டியும் கையுமாகப் பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்து, காப்பி பறிக்கும் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பதும் அவள் வேலை. அவளை வேலைக்கு வைத்திருந்த தொண்டு நிறுவனம், ஆயுர்வேதமும் யோகா சிகிச்சையும் மூச்சுப் பயிற்சியும் ஆறு மாதம் கற்றுவரச் சொல்லி அங்கிருந்த பயிற்சி நிலையத்துக்கு அனுப்பியிருந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்னும் கூலி வரிசை வீட்டில் பிறந்து, ஏழு வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவள் அவள். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் இந்த மலைதான். ஆனாலும் டீயைத் 'தேத்தண்ணி' என்றுதான் சொல்லுவாள். பயிற்சி நிலையத்தில் முதல் நாளே அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தவர்கள், ஒரு மாதத்துக்குள் தாங்களும் தேத்தண்ணி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அது யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருந்த பழைய பங்களா. பின்பக்கம் பேரிக்காய்த் தோட்டம். படிக்க வந்தவர்கள் பதினாறு பேர். பாதிப் பேர் நர்சுகள், மற்றவர்கள் பெரும்பாலும் கலைமணியைப் போல ஊர் ஊராகப் போகிற சுகாதாரப் பணியாளர்கள். எல்லாரையும்விட மூத்தவள் ஆயக்குடியிலிருந்து வந்த கந்தம்மாள். பிள்ளை பெற்ற வீடுகளில் தாய்க்கும் சேய்க்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கலைமணியும் அவளும் ஒரே அறை.

சேர்க்கைப் படிவத்தில், நாள்பட்ட நோய் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. கலைமணி 'இல்லை' என்று எழுதினாள். அது பொய். காப்பிக்கொட்டைத் தோல் நீக்கும் கொட்டடியில் தூசிக்குள் நின்று வேலை பார்த்த பத்தொன்பது வயதிலேயே அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. குளிர் கூடினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இடுப்பில் செருகிய சுருக்குப் பைக்குள் நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் இருக்கும். மூச்சுப் பயிற்சி படிக்க வந்தவளுக்கே மூச்சு சரியில்லை என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள்.

காலையில் வெள்ளனே ஐந்தரைக்கு மணி அடிக்கும். மரப்பலகை பாவிய கூடத்தில் போர்வையை விரித்து உட்கார வேண்டும். யோகா சொல்லிக்கொடுத்தவர் சேனாதிபதி. ஐம்பதைத் தாண்டியவர், பழனியில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டராக இருந்தவர். முதுகுவலியோடு யோகா கற்கப்போய், வலி தீர்ந்ததும் அதிலேயே தங்கிவிட்டவர். அவர் குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். வேக வேகமாக மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி வரும்போது மட்டும் கலைமணி கடைசி வரிசைக்குப் போய்விடுவாள். வயிற்றை மட்டும் அசைத்து ஒப்பேற்றிவிடுவாள்.

பத்து மணிக்கு மேல் ஆயுர்வேத வகுப்பு. டாக்டர் சௌம்யாவுக்கு இருபத்தொன்பது வயதுதான். தன்னைவிட மூத்தவர்களுக்குப் பாடம் எடுக்கிற கூச்சம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. கரும்பலகையைவிட எண்ணெய்க் கொட்டகையில்தான் அவருக்குப் பேச்சு நன்றாக வரும். பெரிய உருளியில் நல்லெண்ணெயும் மூலிகைச் சாறும் கொதிக்க, ஆள் மாற்றி ஆள் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். திரியை அதில் நனைத்துக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும், அப்போதுதான் பதம். ஒருநாள் கந்தம்மாளும் கலைமணியும் பேச்சு சுவாரசியத்தில் தைலத்தைத் தீயவிட்டுவிட்டார்கள். மூன்று நாள் பங்களா முழுக்கத் தீய்ந்த நெடி. சௌம்யா கோபப்படவில்லை. எதனால் தீய்ந்தது என்று அதையே ஒரு பாடமாக நடத்திவிட்டார்.

ஜூலை கடைசியில் மூச்சு கேட்கும் பாடம் வந்தது. ஸ்டெதஸ்கோப் கையில் எடுப்பதற்கு முன்னால் வெறும் காதால் கேட்டுப் பழகுங்கள் என்றார் சௌம்யா. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, முதுகில் மெல்லிய துண்டைப் போட்டு அதன்மேல் காதை வைக்கச் சொன்னார். கலைமணிக்குக் கந்தம்மாள் வாய்த்தாள். வைத்த காதை அவள் வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு நோட்டில் 'சுத்தம்' என்று எழுதினாள்.

மதியம் தண்ணீர்த் தொட்டியடியில் தட்டுக் கழுவும்போதுதான் கேட்டாள்.

"ஏ புள்ள, உன் முதுகுக்குள்ள பூனக்குட்டி கெடக்கு. எத்தன வருசமா வளக்குற?"

கலைமணியால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா. என்னய அனுப்பிருவாங்க" என்றாள்.

"நான் எதுக்குச் சொல்றேன். ஆனா அந்த இழுப்பு மருந்து எங்கன இருக்குன்னு எனக்குக் காட்டி வையி. ராவு பகல் அறியாம எதும் ஆச்சுன்னா நான் எங்க போயித் தேட?"

அன்றிலிருந்து ரகசியம் இரண்டு பேருக்கானது. மாலையில் தேத்தண்ணி குடித்த பிறகு இருவரும் பேரிக்காய்த் தோட்டத்துக்குள் மெதுவாக நடப்பார்கள். நான்கு எட்டு நடக்கும்வரை மூச்சை இழுத்து அடுத்த ஆறு எட்டுக்கு விடுவது, உதட்டைக் குவித்து நிதானமாக ஊதுவது என்று வகுப்பில் கற்ற மென்மையான பயிற்சிகளைக் கலைமணி அங்கே செய்தாள். மூடுபனி வந்து கந்தம்மாளின் சேலைத் தலைப்பு மட்டும் தெரியும் சமயங்களில், முன்னால் போகிற அவள் எட்டு எண்ணும் குரலைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். பின்னாளில் அந்த ஆறு மாதத்தை நினைக்கும்போதெல்லாம் கலைமணிக்கு முதலில் அந்தக் குரல்தான் நினைவுக்கு வரும். புருசன், பிள்ளை, அடுப்பு என்று யாருக்காகவும் ஓடாமல், தன் மூச்சு போய்வருவதை மட்டும் கவனித்த நாட்கள் அவள் வாழ்க்கையில் அவை மட்டும்தான்.

பலன் இருந்தது. தினம் இரண்டு தடவை மருந்து இழுத்தவளுக்கு அக்டோபரில் வாரத்துக்கு ஒரு தடவை போதுமானதாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு காரியம் செய்தாள். நன்றி சொல்லப் போய் சேனாதிபதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. கண் கலங்கிவிட்டார். நவம்பரில் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் டாக்டர்கள் நிலையத்தைப் பார்க்க வரப்போகிறார்கள், அவர்கள் முன்னால் நீங்கள் பேச வேண்டும் என்றார். மருந்தை முழுக்க விட்டுவிட்டதாகச் சொன்னால் எடுபடும் என்றார். வாரம் ஒருதரம் இன்னும் வேண்டியிருக்கிறதே என்று கலைமணி இழுத்தபோது, அதுவும் மனப்பயம்தான் என்று சிரித்தார். மருந்தைத் தன்னிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். மாஸ்டர் கேட்டு எப்படி மறுப்பது? கொடுத்துவிட்டாள். கந்தம்மாளிடம் அதை மறைத்தாள்.

ஒன்பது நாள் நன்றாகத்தான் போனது. பத்தாவது நாள், டாக்டர்கள் வந்த அன்று, விடிந்தபோது அடை மழை. கூடத்தில் நாற்பது பேர். விருந்தாளிகளுக்காகக் கணப்பில் ஈரவிறகு வைத்து எரித்ததில் புகை மண்டியிருந்தது. சேனாதிபதி அவளை முன்னால் அழைத்து உட்காரவைத்தார். பதினெட்டு வருட இளைப்பு நோய், இன்றைக்கு மருந்தே கிடையாது என்று அறிமுகப்படுத்தினார். வேக மூச்சுப் பயிற்சியைச் செய்துகாட்டச் சொன்னார். இந்த முறை ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை இல்லை.

இருபது தள்ளலுக்குள் நெஞ்சு இறுகிவிட்டது. முதலில் இருமல் வந்தது. பிறகு உள்ளே இழுத்த காற்று வெளியே வர மறுத்தது. எதிரே கந்தம்மாள் எழுந்து, பயிற்சி நேரத்தில் சுருக்குப் பை கிடக்கும் அறைக்கு ஓடப்பார்ப்பது தெரிந்தது. அங்கே போய் என்ன பயன்? பைக்குள் மருந்து இல்லையே. சேனாதிபதி குனிந்து, நிறுத்தாதீர்கள், கடந்துவிடும் என்றார் மெதுவாக. மாஸ்டருக்கு அவமானம் வந்துவிடக்கூடாதே என்று ஒரு கணம் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அடுத்த கணம் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"மாஸ்டர், என் மருந்தக் குடுங்க."

நாற்பது பேருக்கும் கேட்டது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அலுவலக அறைக்கு ஓடினார். மேசை இழுப்பறையைத் திறக்கச் சாவி தேடுகிற சத்தம் கூடம்வரை வந்தது. அதற்குள் கந்தம்மாள் அவளைத் தாங்கி, முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, ஜன்னல்களைத் திறக்கச் சொன்னாள். முதுகில் கையை வைத்து, தோட்டத்தில் எண்ணின மாதிரியே எண்ண ஆரம்பித்தாள். மருந்து வந்தது. சௌம்யா கையைப் பிடித்து, இடைவெளி விட்டு விட்டு இழுக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்ப ஆரம்பித்தது.

வந்திருந்த டாக்டர் ஒருவர், போதும், இவரை ஓய்வெடுக்க அனுப்புங்கள் என்றார். கலைமணி தலையசைத்து மறுத்தாள். இத்தனை மாதம் மூடி வைத்ததெல்லாம் நாற்பது பேர் முன்னால் கொட்டிவிட்டது. இனி எதை மறைக்க? பேச மூச்சு கிடைத்ததும், "டாக்டரம்மா, எல்லாரும் வந்து கேக்கட்டும். இளைப்பு அடங்குறது எப்படி இருக்கும்னு படத்தப் பாத்து எங்கிட்டுத் தெரிய?" என்றாள்.

சௌம்யா தன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி முதல் நர்சிடம் கொடுத்தார். ஒருவர் பின் ஒருவராகப் பதினைந்து பேரும் வந்து, மண்டியிட்டு அவள் முதுகில் கேட்டார்கள். முதலில் வந்தவர்களுக்கு விசில் கேட்டது. நடுவில் வந்தவர்களுக்கு அது மெலிந்து கேட்டது. கடைசியில் வந்த கந்தம்மாள் ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக்கொள்ளாமல் காதையே வைத்தாள். "பூனக்குட்டி தூங்கிருச்சு" என்றாள். வந்திருந்த டாக்டர்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்று சேனாதிபதி சாப்பிட வரவில்லை. மறுநாள் காலை வகுப்பில் போர்வை விரிப்பதற்கு முன்பே, எல்லார் எதிரிலும் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"ஒரு ஆளோட மருந்தப் பிடுங்கி வைக்கிற உரிமை எனக்கு இல்ல. அத நான் செஞ்சேன். நீங்க யாரும் எங்கயும் அதச் செஞ்சிராதீங்க."

சொல்லி முடித்ததும் குனிந்து தன் போர்வையை விரித்தார். கலைமணிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்காக வருத்தம்தான் வந்தது. வேக மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் இளைப்பு உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்கும் வழக்கம் அன்றுதான் தொடங்கியது. எப்போது நாம் கையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு சௌம்யா தனியாக ஒரு வாரம் பாடம் வைத்தார். கலைமணியை யாரும் பஸ் ஏற்றி அனுப்பவில்லை. டிசம்பரில் மற்ற பதினைந்து பேரோடு அவளும் சான்றிதழ் வாங்கினாள்.

அந்த நிலையம் அதற்குப் பிறகு மூன்று வருடம் நடந்தது. நடத்தியவர்கள் கலைந்துபோக, பங்களா சுற்றுலாப் பயணிகளுக்கான காட்டேஜ் ஆகிவிட்டது. சௌம்யா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். கலைமணி எஸ்டேட் பெண்களுக்கு வாரம் இரண்டு நாள் மூச்சுப் பயிற்சி நடத்தினாள். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தக்கூடாது, இது அதற்குத் துணைதான் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சேனாதிபதி போன் செய்தார். பழனியில் ஒரு கல்யாண மண்டப மாடியில் சின்னதாகப் பயிற்சி வகுப்பு தொடங்குவதாகவும், முதல் வகுப்பை அவள்தான் எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். கலைமணி காலை பஸ்ஸில் மலையிறங்கிப் போனாள். ஆயக்குடியிலிருந்து கந்தம்மாளும் வந்துவிட்டாள். இருபது புதிய முகங்களுக்கு முன்னால் கலைமணி தன் கதையை ஒளிக்காமல் சொன்னாள். மருந்தை யார் வாங்கி வைத்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சேனாதிபதியே எழுந்து, அது நான்தான் என்றார்.

வகுப்பு முடிந்து மூவரும் அடிவாரத்து மெஸ் ஒன்றில் சாப்பிட்டார்கள். தீய்ந்த தைலம், பேரிக்காய்த் தோட்டம், விடியற்காலைக் குளிரில் பல் கிட்டித்தது, பதினாறு பேரில் யார் யார் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பேச்சு ஓயவில்லை. இலை எடுத்து வெகுநேரமாகியும் எழ மனம் வரவில்லை.

"நல்லாத்தான்யா இருந்துச்சு அந்த ஆறு மாசம்" என்றாள் கந்தம்மாள். பிறகு, மூன்று மணி பஸ் கிளம்பிவிடப்போகிறது, வெரசா நட என்று அவளேதான் கலைமணியை எழுப்பிவிட்டாள்.