மூன்றாம் லைன் எத்தனை வருடம் ஓடும்?

ஓசூரில் கார்களுக்கு சைலன்சர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ரஞ்சிதாவுக்கு வேலை. நகரத்துக் குடும்பங்கள் அடுத்து எந்த மாதிரிக் கார் வாங்கும் என்று அவள் கணித்துச் சொல்லவேண்டும். மின்சாரக் காருக்கு சைலன்சர் கிடையாது. அதனால் எந்த உற்பத்தி லைன் ஓடும், எது நிற்கும் என்பது அவள் தரும் எண்களைப் பொறுத்தது.

பெங்களூரு, சேலம், கோவை என்று அறுநூறு வீடுகளில் ஆறு மாதத்துக்கு முன்பே விசாரித்திருந்தார்கள். பாதிப்பேர் மின்சாரக் கார்தான் என்றார்கள். அப்படியானால் மூன்றாம் லைனை ஒரு வருடத்துக்குள் மூடவேண்டியதுதான்.

அறிக்கை கொடுக்கும் முன், மத்திகிரியில் அவள் வீட்டு மாடியில் குடியிருந்த ரத்தினவேல் அவளைப் படியில் நிறுத்தினார். மூன்றாம் லைனில் ஒப்பந்த வெல்டர். மனைவி மணிமேகலையும் மகளும் சங்கரன்கோவிலில் இருந்தார்கள்.

"பாப்பா ஆறாப்பு போகுதும்மா. இங்க கூட்டியாந்து சேக்கலாம்னு பாக்கேன். மணிமேகலை அங்க டைலர் கடை வச்சிருக்கா, அதையும் விட்டுட்டு வரணும். லைன் ஓடும்லா?"

"இன்னும் முடிவாகலைண்ணா."

மறுநாளே ரஞ்சிதாவுக்குத் தன் எண்கள்மேல் சந்தேகம் வந்தது. சொன்னவர்கள் எல்லாம் வாங்குவார்களா? மின்சாரக் கார் என்று சொன்னவர்களில், அதற்குள் கார் வாங்கிவிட்ட நாற்பது பேரைப் போனில் பிடித்தாள். இருபத்தாறு பேர் பெட்ரோல் கார்தான் வாங்கியிருந்தார்கள். "அபார்ட்மெண்ட்ல சார்ஜ் போட இடம் தரமாட்டேங்கறாங்க" என்றார் ஒருவர்.

எண்களைத் திருத்தினாள். லைன் ஐந்து வருடம் ஓடும் என்று எழுதினாள். மேலாளர் பரமசிவம் ஒப்புக்கொண்டார். ரத்தினவேலிடமும் அதையே சொன்னாள். ஜூனில் அவர் குடும்பம் வந்து சேர்ந்தது.

பிப்ரவரிக்குள் ஆர்டர் பாதியாகிவிட்டது. மாதக் கடைசியோடு லைன் நிற்கும், ஒப்பந்த ஆட்களுக்கு வேலை இல்லை என்று அதிகாரிகள் கூட்டத்தில் சொன்னார்கள். ரஞ்சிதா பழைய ஃபைலைத் திறந்தாள். அந்த நாற்பது பேரில் முதலில் வாங்கியவர்கள்தான் பெட்ரோலுக்குப் போயிருந்தார்கள். கடைசி இரண்டு மாதத்தில் வாங்கியவர்கள் எல்லோரும் மின்சாரக் கார். எண்களைத் திருத்திய அன்றும் வாங்கிய தேதிகள் அவள் கண்முன்தான் இருந்தன.

வெளியே சொல்லக்கூடாது என்றிருந்தும் அன்று மாலையே மாடிக்குப் போய், லைன் நிற்பதையும் தான் தேதிகளைக் கவனிக்காததையும் சொல்லிவிட்டாள்.

ரத்தினவேல் கேட்டார்: "தெரிஞ்சே சொன்னியாம்மா?"

"இல்லண்ணா. லைன் ஓடணும்னு நெனச்சுட்டே பாத்தேன். அதனால பாக்கவேண்டியதப் பாக்கல."

"பாப்பாவுக்குப் பரீட்ச ஏப்ரல்ல" என்றாள் மணிமேகலை, கணவரிடம்.

மறுநாள் ரஞ்சிதா தன் தவறைப் பரமசிவத்திடம் ஒப்புக்கொண்டாள். "கணிப்புன்னா தப்பத்தான் செய்யும்" என்றார் அவர். இனிமேல் தன் எண்களை இன்னொருவரும் தனியாகப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். அதற்குச் சரி என்றார்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பட்டறையில் ரத்தினவேலுக்குக் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. பரீட்சை முடிந்ததும் மணிமேகலையும் மகளும் ஊருக்குத் திரும்பினார்கள். டைலர் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கிளம்பும்வரை மணிமேகலை ரஞ்சிதாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.