கழுவாத கல்

சுடுகாட்டிலிருந்து திரும்பிய டில்லிபாபு ஈர வேட்டியோடு வாசலில் நின்று காலைக் கழுவிக்கொண்டான். கூடத்தில் அகல் எரிந்தது. விளக்கைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. வீட்டில் சத்தம் இல்லை.

அழுகை மதியமே ஓய்ந்துவிட்டது. இப்போது இல்லாமல் போயிருந்தது மீன் தொட்டியின் சத்தம். ஒரு வண்டைப் போல அந்தச் சின்ன மோட்டார் இரவும் பகலும் முரலும், தண்ணீரில் கொப்புளங்கள் வெடிக்கும். கேட்டுக் கேட்டு, கேட்பதே தெரியாமல் போன சத்தம்.

தரையெல்லாம் ஈரம். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் நிற்கக் கூடாது. ஆண்கள் சுடுகாட்டில் இருந்த நேரத்தில் அவனுடைய அக்கா கிளியம்மாள் குடம், தவலை, வாளி எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்து, கூடத்தையும் கழுவி விட்டிருந்தாள். மிச்சம் தொட்டி ஒன்றுதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கை வரை அதில் கையை விட்டிருந்தாள். அவள் வெளியே எடுத்தது ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடி. சுற்றிலும் பொடிப் பொடியாக ஓட்டைகள். உள்ளே கூழாங்கற்கள், பழுப்பு வழவழப்பு ஏறிப்போய்.

"வா பாபு. இத ஒண்ண ஊத்திட்டா ஆச்சி. கல்லப் போயி ஜாடில போட்டு வெச்சிகீறா பாரு. எத்தினி நாளு அழுக்கோ, கை வெச்சா வழுக்குது. கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டு நல்லா தேச்சிட்டு..."

"தேய்க்காத."

காலையிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. சுவரோரம் சாய்ந்து கிடந்த மாமியார் முனியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடா?"

"தேய்க்காதக்கா. உள்ள வை."

அன்று விடியற்காலையில் அவன் மனைவி கங்கா கோலம் போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். அவன் டம்ளரோடு திரும்பியபோது அவள் இல்லை. இதயத்தில் சின்ன வயதிலிருந்தே கோளாறு. டாக்டர் சொன்னதுதான், கங்காவே அடிக்கடி சிரித்துக்கொண்டு சொன்னதுதான். அதன் பிறகு அவன் பிறர் சொன்னதை எல்லாம் செய்தான். குளி என்றார்கள், குளித்தான். கொள்ளி வை என்றார்கள், வைத்தான். அழு என்றும் சிலர் சொன்னார்கள். அது மட்டும் வரவில்லை.

"பொணம் கெடந்த கூடத்துல தண்ணி நிக்கலாமாடா? தீட்டு."

"அந்த வழவழப்பு உசுருக்கா. கழுவினா செத்துடும். அது செத்தா மீனும் செத்துடும்."

கிளியம்மாள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா? காத்தாலேர்ந்து வாயத் தொறக்காதவன், தொறந்தா அழுக்குக்கு வக்காலத்து வாங்கறான்."

சுப்பராயன் வாசலில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். "ஆத்துல கொளத்துல எத்தினி பேரு சாம்பலக் கரைக்கறான். மீனு இன்னா தீட்டுன்னு தலமுழுகிக்கினா கீது? வுடு கிளி."

யாரோ சிரித்தார்கள். முனியம்மாள்தான். சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜாடியிலிருந்து தண்ணீர் சொட்டி வடிந்துகொண்டிருந்தது. டில்லிபாபு அதை அக்காவின் கையிலிருந்து வாங்கினான். வழவழப்பு அவன் உள்ளங்கையில் ஒட்டியது.

கல்யாணமான புதிதில் மூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த மீன்கள் ஒரு வாரம் தாங்கவில்லை. தண்ணீர் கண்ணாடியாகத்தான் இருந்தது. திருஷ்டி என்றது அக்கம்பக்கம். விலங்கியல் படித்த கங்கா, "தண்ணி ரொம்ப சுத்தங்க. அதான் கோளாறு" என்றாள். மீனின் கழிவு அதே தண்ணீரில் விஷமாகிறது. அதைத் தின்று தீர்க்கிற உயிர்கள் கண்ணுக்குத் தெரியாது. அவை கல்லில் பிடித்துப் பெருக நாளாகும். அடுத்த முறை மூர் மார்க்கெட் போனவள் மீனே வாங்காமல், கடைக்காரனின் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கல்லைக் கேட்டு வாங்கிவந்தாள். ஷிஃப்ட் முடிந்து இவன் கம்பெனி டிரில்லில் ஊறுகாய் ஜாடிக்கு ஓட்டை போட்டதைக் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான். ஊத்திட்டு ஆட்டிக்கினே இருக்கக் கூடாது" என்றாள் கங்கா.

மோட்டாரின் காற்றுக் குழாயை ஜாடிக்குள் செருகி, அதைத் தொட்டியில் இறக்கினான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பிளக்க யாரு புடுங்கனது?"

"நான்தான். அவளாண்ட ஃபேன் வெக்க வாணாவா? ஊட்டுக்கு ஒரே ஒரு பிளக்கு பாயிண்ட்டு" என்றாள் கிளியம்மாள்.

டேபிள் ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கங்காவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஈரத் தரையின் மேல் தலையைத் திருப்பித் திருப்பிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி நின்றான். பிறகு அதன் பிளக்கைப் பிடுங்கி மோட்டாரைச் சொருகினான். முரலல் எழுந்தது. ஜாடிக்குள்ளிருந்து முதல் கொப்புளம் தயங்கி வந்தது, பின்னாலேயே வரிசையாக மற்றவை.

கிளியம்மாள் ஒரு சொம்பு எடுத்துத் தொட்டியிலிருந்து மொண்டாள். வாசலுக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்.

"ஊத்தனதா ஆச்சி" என்றாள், யாரையும் பார்க்காமல்.

இருட்டுவதற்குள் மீன்கள் கீழே இறங்கிவிட்டன. டில்லிபாபு தொட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தான். அந்தச் சத்தத்தில் தூங்கியும் போனான்.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்து முடிந்ததும் முனியம்மாள் பென்னலூருக்குக் கிளம்பினாள். கறவை மாட்டை விட்டு ஒரு நாளைக்கு மேல் இருக்க முடியாது. பால் கொண்டுவந்த தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டவள், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து தொட்டியருகே நின்றாள்.

"எங்கூட்டுக் கொல்லையிலயும் ஒரு சிமெண்டுத் தொட்டி சும்மா கீது மாப்ளே. பொங்கலுக்கு வந்தா மீன் வுட்டுத் தரேன்னு சொல்லிகினு இருந்தா."

அவள் தூக்கின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"ஒரு கை கல்லு குடுங்களேன்."

டில்லிபாபு ஜாடியைத் திறந்து ஒரு பிடி கல்லை அள்ளித் தூக்கில் போட்டான். தொட்டித் தண்ணீரையே அவை முழுகும்வரை ஊற்றினான்.

"காயக் கூடாது அத்த. ஞாயித்துக்கெழம வந்து ஜாடி கட்டித் தரேன். அதுவரிக்கும் ஒரு சோத்துப் பருக்கை போட்டு வைங்க. பட்டினி கெடக்கக் கூடாது."

"போடறேன்."

தண்டலம் நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. முனியம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்து மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் தூக்கை மடியிலிருந்து சற்றே உயர்த்தி, ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.